எட்டு சென்டிமீட்டர் நிழல்

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்தது ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். சீட்டைப் பிரித்ததுமே வயிற்றைக் கலக்கியது. ஜன்னல்களை அடைத்த லேப், மூலையில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு, அதைச் சுற்றி நான்கு பேர். முப்பட்டகத்தின் இரண்டு முகங்களிலும் பட்டுத் திரும்பும் பிம்பத்தைத் தொலைநோக்கியில் பிடிக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால் முப்பட்டகத்தின் கோணம் கிடைக்கும். அது 60 டிகிரி என்று எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும். எனக்கு வித்தியாசம் 113 வந்தது. பாதி, ஐம்பத்தாறரை. மறுபடி பார்த்தேன், மறுபடியும் 113. மூன்றாவது முறை பார்க்கவில்லை. ரீடிங்கை அழித்துவிட்டு, 120 வருகிற மாதிரி எண்களைப் பின்னாலிருந்து போட்டேன். ரொம்பச் சரியாக வந்தால் சந்தேகம் வரும் என்று வெர்னியர் என்கிற நுண் அளவுகோலில் ஒன்றிரண்டு கோண நிமிடங்களைக் கூட்டிக் குறைத்தேன். முழு மதிப்பெண்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு: ரீடிங் வரவழைப்பது. செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

இன்று நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கூடவே இன்னொரு பொறுப்பும் என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. யாரும் கேட்டு வாங்கிக்கொள்கிற பொறுப்பு இல்லை இது. துறையில் யார் புதிதாகச் சேர்ந்தாரோ, அதிலும் யார் பெண்ணோ, அவரிடம் வந்துசேரும். 'உங்களுக்குத்தான் குழந்தைகளோட பேச வரும் மேடம்.'

முதல் சில வருடங்கள் நான் செய்தது ஓப்பன் டே. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவாக 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள் இல்லையா, அதையொட்டி வரும் சடங்கு. காலை ஒன்பது மணிக்கு மஞ்சள் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி மாதிரி இறங்குவார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பார்கள். எல்லா மேசையிலும் 'தொடாதீர்கள்' என்று ஒட்டியிருக்கும். கடைசியில் திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தில் ரோஜாப் பூவை முக்கி எடுத்து மேசையில் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். கைதட்டல் கட்டடத்தையே தூக்கும். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். அந்த வெண்புகை நடுவே நிற்கும்போது கொஞ்சம் மந்திரவாதி மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் ஒரு பையன், ஆறாவது இருக்கும், உடைந்த இதழ் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை வீட்ல எப்படிக்கா செய்றது?" என்று கேட்டான். வீட்டில் முடியாது, இதற்கு ஆலை வேண்டும், சிலிண்டர் வேண்டும் என்றேன். "ஓ" என்றான். அந்த 'ஓ' எனக்குப் பல நாள் காதில் கேட்டது. இதழ் அதற்குள் கையில் உருகிச் சொதசொதவென்று ஆகிவிட்டிருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டான்.

மாலையில் படிவம் நிரப்ப வேண்டும். வந்த பள்ளிகள் எத்தனை, பயனாளிகள் எத்தனை, பேனர் தெரிகிற மாதிரி புகைப்படம் நான்கு. பயனாளிகள் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இலவச வேட்டி சேலை ஞாபகம் வரும்.

மக்களைப் பயனாளிகளாகப் பார்க்கும் இந்த எண்ணம் நம் ஊரில் மட்டும் இருப்பதில்லை. பிரிட்டனில் 1985-ல் ராயல் சொசைட்டி ஒரு அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதை அவர்களிடம் எடுத்துச்சொல்வது விஞ்ஞானிகளின் கடமை என்பது அதன் சாரம். மக்கள் காலிக் குடம், விஞ்ஞானி குழாயடி, திறந்துவிட்டால் நிறைந்துவிடும் என்கிற கணக்கு. அங்கேயே 2000-ல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று, இப்படி ஊற்றிக்கொண்டே இருப்பது போதாது, மக்களோடு பேசவும் அவர்கள் பேசுவதைக் கேட்கவும் வேண்டும் என்று எழுதியது. நம் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2022 மே மாதம் வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அறிவியல் பணியாளர் ஒவ்வொருவரும் வருடத்தில் பத்து நாளாவது சமூகத்துக்காக ஒதுக்க வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோமா, வேறெதையாவது கொண்டுபோகிறோமா என்பதைப் படிவம் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்செல்லாம் வருவதற்கு முன்பே சிலர் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். 1980-ல் சென்னையில் ஆராய்ச்சியாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-ல் 'துளிர்' என்ற சிறுவர் இதழைக் கொண்டுவந்தது. என் அத்தை வீட்டு பரணில் பழைய துளிர் கட்டு ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் நான் படித்த முதல் அறிவியல் அதுதான். 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் அந்த வழியில் வந்ததுதான். பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே எடுத்து, தாய்மொழியில் ஆய்வு செய்து, அறிக்கை எழுத வேண்டும். அதிலும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகள் ஒப்பிக்கிற கூத்து நடக்காமல் இல்லை. இருந்தாலும் அந்த யோசனையின் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2019 டிசம்பர் 26. கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளைய சூரிய கிரகணம் போனது. அரையாண்டு விடுமுறை வேறு. மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, கிரகணக் கண்ணாடி ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். தெருவில் காக்கா குருவி இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் மட்டும் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடிக்கும்போது மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. பக்கத்தில் ஒரு பாட்டி, பேத்தியோடு காவல்.

நான் ஆரம்பித்தேன். ஈர்ப்பு மையம், அடிப்பரப்பு, உலக்கையின் அடியில் இருக்கிற இரும்புப் பூண் தேய்ந்து சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்று பத்து நிமிடம். பாட்டி முழுதாகக் கேட்டுவிட்டு, "நிக்குதா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். நின்றது. "அப்பறம் என்ன?" என்றார். என் மாணவன் ஒருவன் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தான். வெறும் கண்ணால் பார்க்காதே என்று அவனை அதட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு யாரை அதட்ட முடியும்?

கிளம்பும்போது பேத்தியிடம், "நாளைக்கு ஒருதரம் நிறுத்திப் பாரேன்" என்று போகிறபோக்கில் சொல்லி, என் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அழைப்பு வந்தது. நிற்கிறதாம். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். "கெரகணத் தீட்டு இன்னும் போகலைன்னு சொல்லுது." பொங்கல் கழித்து மறுபடி ஒரு அழைப்பு. இன்னும் நிற்கிறது, இப்போது பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. என் பத்து நிமிடப் பிரசங்கத்துக்கு அசையாதது, அந்தப் பெண் விடாமல் நிறுத்திய உலக்கைக்கு அசைந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நிழலில்லா நாளை வைத்து ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் மட்டும், வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது செங்குத்தாக நிற்கிற எதற்கும் நிழல் வெளியே விழாது. டெல்லிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. சென்னைக்கு ஏப்ரல் 24-ம் ஆகஸ்ட் 18-ம் ஒட்டி வரும். மதுரைக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். இதற்கு நைட்ரஜன் வேண்டாம், மின்சாரமே வேண்டாம், ஒரு குச்சி போதும்.

என் கல்லூரித் தோழி மதுரைக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. போன் போட்டேன். சென்னையில் நிழல் காணாமல் போகிற அதே நாளில் மதுரையில் ஒரு மீட்டர் குச்சிக்கு எவ்வளவு நிழல் விழுகிறது என்று அளந்தால், இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவையே கண்டுபிடித்துவிடலாம், பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததுதான் என்றேன். "பரீட்சை நேரத்துலயாடி உனக்கு இது?" என்றாள். அன்றைக்கு ஏழாம் வகுப்புக்குத் தேர்வு இல்லை என்று அவளே பார்த்துச் சொன்னாள்.

சென்னைப் பள்ளி ஒன்றில் என் மாணவர்கள் இருந்தார்கள். நான் இரவு ரயிலைப் பிடித்து மதுரை போய்விட்டேன்.

பள்ளியில் அப்போது சுற்றுச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. தோழி அங்கிருந்த கொத்தனாரிடம் பேசி எட்டு எம்எம் கம்பி ஐந்து துண்டு வாங்கி வைத்திருந்தாள். நான் மூங்கில் கழி போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். நல்லவேளை அவள் கேட்கவில்லை. விழப்போகும் நிழலே ஐந்தரை சென்டிமீட்டர்தான், அதில் கழியின் தடிமனே பாதியைத் தின்றுவிடும். மைதானத்தில் ஐந்து குழு, ஐந்து கம்பி, தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர். ஒவ்வொரு கம்பியும் ஒரு சார்ட் பேப்பரைத் துளைத்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். நிழல் குட்டையாக இருக்கும் நேரம்தான் அந்த ஊரின் உச்சி. சென்னையில் அது அன்று 12.07-க்கு. மதுரை மேற்கே தள்ளியிருப்பதால் அங்கே ஒன்பது நிமிடம் தாமதம்.

முதல் சத்தம் பன்னிரண்டே காலுக்கு வந்தது. "மிஸ், நிழல் தெக்கால விழுது!" அதில் என்ன அதிசயம் என்று நினைக்கலாம். ஆனால் நம் வாழ்க்கையில் பெரும்பாலான மாதங்கள் மதிய நிழல் வடக்கே விழும். ஏப்ரல் நடுவில் சூரியன் மதுரையின் தலைக்கு மேலாக வடக்கே தாண்டிப் போய்விடுகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை நிழல் தெற்கே. எனக்கு இது புத்தகத்தில் தெரியும். மைதானத்தில் நின்று பார்த்தது அன்றுதான் முதல் முறை. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் வாயைப் பிளந்தேன், அவர்களுக்குத் தெரியாமல்.

அடுத்தது இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "எந்த நிழல் மிஸ்? கறுப்பு நிழலா, சாம்பல் நிழலா?" என்றாள். போய்க் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. நிழலின் நுனி கத்தியால் வெட்டிய மாதிரி இல்லை. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகி, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துபோகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலத்துக்கு இருக்கிற வட்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பை அது கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டருக்கு மங்கலாக்கிவிடும். மொத்த நிழலே 55 மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் யோசித்திருக்கவே இல்லை. "நடுவுல புள்ளி வைப்போமா?" என்றேன். "நடுவு எது?" என்றாள். ஐந்து குழுவும் ஒன்றாகக் கூடிச் சண்டை போட்டு ஒரு விதி செய்தார்கள்: கறுப்பு முடியும் இடத்தில் ஒரு புள்ளி, சாம்பல் முடியும் இடத்தில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே எடுத்துக்கொள்வது. இதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. சூரியன் யாருக்காகவும் நிற்கவில்லை.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் வேப்ப மரத்தடிக்கு வந்தோம். கரும்பலகையில் ஐந்து எண்கள் எழுதினோம். 4.6, 5.1, 6.1, 6.4, 8.0.

எட்டு எனக்குக் கண்ணை உறுத்தியது. வர வேண்டியது ஐந்தரை என்று எனக்குத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே சரி, இரண்டரை சென்டிமீட்டர் எப்படி? ஐந்தாவது குழு எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறது. கரும்பலகைத் துடைப்பானை எடுத்தபடியே, "இதை மட்டும் விட்டுட்டு மத்த நாலுக்கும் சராசரி எடுப்போம்" என்றேன்.

ஐந்தாவது குழுவில் ஒரு பையன் எழுந்தான். "நாங்களும் வெயில்ல நின்னு அளந்தோம்ல மிஸ்?"

"அளந்தீங்க. ஆனா மத்ததோட ஒத்துவரலையே."

"அப்ப அவிங்க நாலு பேரும் தப்பா இருந்தா?"

தோழி என்னைப் பார்த்தாள். நான் துடைப்பானைப் பார்த்தேன்.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. சுவரோரம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த கொத்தனார், இந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, ஐந்தாவது கம்பியை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "தூக்குப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார். இல்லை. அளவுகோல், கடிகாரம், சார்ட், பென்சில், தொப்பி, குளுக்கோஸ் எல்லாம் எடுத்துவந்திருந்தேன். கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒன்றும் எடுத்துவரவில்லை, கண்ணால் பார்த்து நட்டிருந்தோம். "தூக்குப் பாக்காம நட்டா செவரே விழுந்துரும், நெழலு விழுகாதா?" என்று சொல்லிக்கொண்டே தன் தூக்குக்குண்டை எடுத்துவந்து, கம்பியின் நுனியிலிருந்து நூலை இறக்கினார். குண்டு ஆடி அடங்கியபோது, அதன் கூர் கம்பியின் அடியைத் தொடவில்லை. தெற்கே ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

அந்தப் பையன்தான் மறுபடி. "அப்ப அடியிலருந்து அளக்கக் கூடாது. இந்தக் குண்டுலருந்துல்ல அளக்கணும்."

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. சரிதானே. நிழலின் நுனி, கம்பியின் நுனியால் வருவது. அந்த நுனிக்கு நேர் கீழே இருக்கிற புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும், கம்பி எங்கே மண்ணுக்குள் போகிறது என்பதைப் பற்றிச் சூரியனுக்கு அக்கறை இல்லை. உச்சி நேரம் போய்விட்டது, கம்பியை நிமிர்த்தி மறுபடி அளக்க வழியில்லை. ஆனால் சார்ட்டில் வைத்த புள்ளிகள் அப்படியே இருந்தன. குண்டின் கூரிலிருந்து அளந்தார்கள். எட்டு, 5.7 ஆனது.

ஐந்தாவது குழு போட்ட ஆட்டத்தை எழுத என்னால் ஆகாது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. மற்ற நாலு குழுவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கொத்தனார் சாப்பாட்டை மறந்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகத் தூக்குப் பார்த்தார். ஒன்றுகூட நேராக இல்லை. சில வடக்கே, சில தெற்கே, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ரசமட்டத்தையும் கொண்டுவந்து தரையையும் சோதித்தார், அது பரவாயில்லை என்றார். திருத்தி எழுதியபோது பலகையில் வந்த எண்கள்: 5.2, 5.4, 5.8, 5.9, 5.7. சிதறிக் கிடந்தவை பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. சராசரி 5.6.

எட்டை நான் துடைத்திருந்தால் நாலு சாய்ந்த கம்பிகளும் நேரானவையாகவே வீட்டுக்குப் போயிருக்கும்.

அப்புறம் கணக்கு. 5.6 சென்டிமீட்டர் நிழல் என்றால் கோணம் 3.2 டிகிரி. பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள வளைவும் அதே 3.2 டிகிரி. முழு வட்டத்தில் அது 112-ல் ஒரு பங்கு. சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம்? "நானூத்தி அறுவது!" என்று கூட்டமாகச் சொன்னார்கள், மாட்டுத்தாவணிப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். பெருக்கினால் 51,670 கிலோமீட்டர். பாடப் புத்தகம் 40,000 என்கிறது. வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. ஒருத்தி மெதுவாகத் தன் நோட்டில் 460-ஐ அழிக்க ரப்பரை எடுத்தாள். எனக்குச் சோடியம் விளக்கு ஞாபகம் வந்தது. "அழிக்காத, அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது. ஆனா எதுக்காக மாத்துறேன்னு எழுதணும்" என்றேன்.

காரணம் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. சித்தப்பா ஆம்னி பஸ் ஓட்டுகிறார் என்று சொன்ன ஒரு பையன்தான் முடிச்சை அவிழ்த்தான். பஸ் நேராக வடக்கே போகவில்லை. திருச்சி, விழுப்புரம் என்று கிழக்கே சாய்ந்து சாய்ந்துதான் சென்னை போகிறது. நமக்கு வேண்டியது வடக்கே எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது மட்டும். அட்லஸை விரித்து, மதுரையிலிருந்து கிடையாக ஒரு கோடு, சென்னையிலிருந்து கிடையாக ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே அளவுகோல். கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். இப்போது பெருக்கினால் 39,300. துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றினால் 40,008. எரட்டோஸ்தனிஸ் எடுத்துக்கொண்ட இரண்டு ஊர்களும்கூட நேர் வடக்கு தெற்காக இருந்தவை இல்லை என்று சொன்னதும் எல்லாருக்கும் ஒரு திருப்தி. பெரிய மனிதருக்கும் அதே வழுக்கல்.

நான் மூட்டை கட்டத் தயாரானேன். இரட்டைச் சடை விடவில்லை. "மேப்புல இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்குல்ல மிஸ், அதை யாரு அளந்தா?"

அதற்கு மட்டும் என்னிடம் நல்ல கதை இருந்தது. 1802 ஏப்ரலில், இதே வெயில் மாதத்தில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அதற்கு 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீளும், அதைக்கூடக் கணக்கில் சேர்த்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி நாடு முழுக்க அளந்ததுதான் பெரிய நில அளவைத் திட்டம். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கிப்போனது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலைவரை போன, 'பெரிய வில்' என்று பெயர்பெற்ற அந்த முக்கோண வரிசை, 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது. மதுரை இருப்பதும் அந்தக் கோட்டை ஒட்டித்தான். கதை முடிந்ததும் கொத்தனார்தான் முதலில் கேட்டார். "நசுங்கினத வெச்சே அளந்தாரா?" தெரிந்தவரை ஆமாம் என்றேன். "கெட்டிக்காரன்" என்றார், தொழில்காரர் தொழில்காரரைச் சொல்வது மாதிரி.

பிள்ளைகள் இந்த அளவுகளையும் விடையையும் எழுதிய விளக்கப்படம் இன்னும் அந்தப் பள்ளியின் வராந்தாவில் தொங்குகிறது. அதிலும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. பார்வையிட யாராவது அதிகாரி வந்தால் அசிங்கமாக இருக்கும், விடை 40,000 என்றே போட்டுவிடலாம் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் அபிப்பிராயப்பட்டார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. 5.2-க்கு ஒரு விடை வரும், 5.9-க்கு ஒரு விடை வரும், அதனால் '37,300 முதல் 42,300 வரை' என்று எழுதினார்கள். தோழி போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீ வந்து கெடுத்துட்டுப் போயிட்டடி" என்றாள்.

என் பக்கத்தில் படிவம் காத்திருந்தது. பயனாளிகள் 43 என்று போட்டேன். கருத்தாளர் என்ற கட்டத்தில் என் பெயருக்குக் கீழே கொத்தனாரின் பெயரையும் எழுதி, மதிப்பூதியத்துக்குப் பரிந்துரைத்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: கல்வித் தகுதி, பான் எண், இத்துறையில் முன் அனுபவம். முன் அனுபவம் 22 வருடம் என்று எழுதி அனுப்பினேன். கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவருக்கு நான் ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், அவர் எனக்கு ஒரு பழைய தூக்குக்குண்டு கொடுத்தார். பித்தளை, கூர் கொஞ்சம் மழுங்கியது. என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. பல்கலைக்கழகச் செய்முறை வகுப்பில் யாராவது ரீடிங் வரவில்லை என்று வந்து நின்றால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு உபகரணத்துக்குப் போகிறேன். பாதி நேரம் வெட்டியாகத்தான் திரும்புகிறோம்.

என்னுடைய அந்த 113 எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பட்டக மேசை சாய்ந்திருக்கலாம். வெர்னியரை நான் தப்பாகப் படித்திருக்கலாம். அந்த முப்பட்டகமே 60 டிகிரி இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் மதுரைக்கு இரண்டாவது நிழலில்லா நாள் வந்தது. எனக்குத் துறையில் வேலை, போக முடியவில்லை. அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை. தேதியை அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள், கம்பிகளுக்குத் தூக்குப் பார்த்து முந்தின நாளே நட்டிருந்தார்கள். மாலையில் தோழி வாட்ஸாப்பில் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். நீல மையில், தேதிக்குக் கீழே: 'மணி 12.19. நிழல் இல்லை.' அதற்கும் கீழே வேறொரு கையெழுத்தில், பென்சிலால்: 'காலையிலிருந்து மேகம். மணி 11-க்கும் நிழல் இல்லை. இதைச் சேர்க்கக் கூடாது.'